மிதித்தால் வழுக்கும் சைக்கிள்

ஒரு பழைய சைக்கிள் வீட்டுக்கு வந்திருக்கிறது. கடையில் விலை பேசி வாங்கியதாக இருக்கலாம். மகள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டியதாகவும் இருக்கலாம். பீகாரில் 2006-ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்கள் சைக்கிள் வாங்க அரசு 2000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. மேற்கு வங்கத்தில் 2015-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் வந்தது. தமிழ்நாட்டிலும் பள்ளியில் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். படிப்பு முடிகிறது. சைக்கிள் அம்மா கைக்கு வருகிறது. இல்லாவிட்டால் பழைய சைக்கிள் கடைக்குப் போகிறது.

டயரில் காற்று நிற்கிறது. பிரேக் பிடிக்கிறது. மணியும் அடிக்கிறது. ஆனால் மேட்டில் ஏறும்போது அழுத்தி மிதித்தால் 'கடக்' என்று ஒரு சத்தம் வருகிறது. கால் சட்டென்று கீழே போய்விடுகிறது. சைக்கிள் நகரவில்லை.

இதைச் சின்னக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. ரயில் கேட்டைக் கடக்கும்போது இப்படி ஆனால் என்ன ஆகும்? பெரிய சாலையில் லாரி வரும் முன்னே கடந்துவிடலாம் என்று வேகமாக மிதிக்கிறோம். அந்த நேரத்தில் கால் வழுக்கினால்? கேரியரில் பால் கேன் இருந்தால், முன்னால் குழந்தை உட்கார்ந்திருந்தால்? எழுந்து நின்று மிதிப்பவர் ஹேண்டில் பார் மேல் மோதி விழுவார். அதனால் கோளாறு சரியாகும் வரை எழுந்து நின்று மிதிக்காதீர்கள். குழந்தையையும் சுமையையும் ஏற்றாதீர்கள்.

இனி கடைக்குப் போகிறோம். அங்கே பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

"அண்ணே, மிதிச்சா வழுக்குது. என்னன்னு பாருங்க."

"செயின் போயிடுச்சும்மா. பிரீவீலும் போயிடுச்சு. செயின்வீலையும் மாத்திடலாம். முழு செட்டும் போட்டாத்தான் வண்டி நல்லா ஓடும்."

"எல்லாமே போயிடுச்சா?"

"பழைய வண்டி இல்லியா? அப்படித்தான் இருக்கும்."

கடைக்காரர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஒரு சின்ன ஆணி மாற்றினால் போதும் என்றும் இருக்கலாம். எது உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும்? கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு சாக்பீஸ், ஒரு அளவுகோல், ஒரு பழந்துணி, கூட ஒரு ஆள். இவ்வளவு போதும்.

காலின் பலம் போகும் வழி

காலால் பெடலை அழுத்துகிறோம். பெடல் ஒரு இரும்புக் கையில் மாட்டியிருக்கிறது. அதன் பெயர் கிராங்க். வலது கிராங்கோடு சேர்ந்தே பெரிய பல்சக்கரம் இருக்கிறது. அதைச் செயின்வீல் என்கிறோம். செயின்வீல் செயினை இழுக்கிறது. செயின், பின்சக்கரத்தில் உள்ள சின்னப் பல்சக்கரத்தை இழுக்கிறது. அதுதான் பிரீவீல். பிரீவீல் சுற்றினால் பின்சக்கரம் சுற்றும்.

இடது காலின் பலம் மட்டும் கொஞ்சம் சுற்றி வருகிறது. இடது கிராங்க் நடு அச்சைத் திருப்புகிறது. நடு அச்சு வலது கிராங்கைத் திருப்புகிறது. கிராங்கையும் அச்சையும் சேர்த்துப் பூட்டுவது ஒரு சின்ன இரும்பு ஆப்பு. கடையில் காட்டர் பின் என்று கேட்டால் தருவார்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று உண்டு. சில புது மாடல் சைக்கிள்களில் காட்டர் பின் இருக்காது. அதற்குப் பதில் அச்சின் நுனியில் நட்டு இருக்கும்.

இந்த வழியில் எவ்வளவு பலம் போகிறது தெரியுமா? கிராங்கின் நீளம் ஏறக்குறைய 6½ அங்குலம். 44 பல் உள்ள செயின்வீலில், நடுவிலிருந்து செயின் வரை 3½ அங்குலம். 50 கிலோ எடை உள்ள ஒருவர் பெடல் மேல் எழுந்து நின்றால், செயினில் விழும் இழுப்பு 90 கிலோவைத் தாண்டும். நெல் மூட்டையைத் தூக்கும் அளவு பலம் அது. அதைச் சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத செயின் தாங்குகிறது. எங்கேயாவது பிடி தளர்ந்தால் அங்கே வழுக்கும்.

பிடி தளரக்கூடிய இடங்கள் மூன்று. கிராங்க் அச்சின் மேல் வழுக்கலாம். செயின் பல்லின் மேல் வழுக்கலாம். பிரீவீல் தனக்கு உள்ளேயே வழுக்கலாம். காலுக்கு மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

மூன்று கோடுகள்

முதலில் துணியால் செயினையும் பல்சக்கரங்களையும் துடையுங்கள். விற்பவர்கள் சில நேரம் கிரீஸை அள்ளிப் பூசி வைத்திருப்பார்கள். கிரீஸுக்கு அடியில் தேய்ந்த பல் தெரியாது. செயின் கவர் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சக்கரம் சுற்றும்போது துடைக்காதீர்கள். எண்ணெயும் விடாதீர்கள். செயினுக்கும் பல்லுக்கும் நடுவே விரல் போனால் விரல் நுனியே போய்விடும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் அருகில் தொங்கக் கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஓடாத வண்டிதானே என்று பெடலைச் சுற்றி விளையாடுவது அவர்கள்தான்.

இப்போது சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து மூன்று கோடு போடுங்கள். முதல் கோடு, கிராங்கும் அச்சும் சேரும் இடத்தில். கோடு பாதி கிராங்கிலும் பாதி அச்சின் நுனியிலும் விழ வேண்டும். இரண்டு பக்கமும் போடுங்கள். இரண்டாம் கோடு, பிரீவீலின் பின்பக்கத்தில். ஒரு பல்லிலும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் செயின் கண்ணியிலும் சேர்த்துப் போடுங்கள். மூன்றாம் கோடு, பிரீவீலின் ஒரு பல்லில். அதற்கு நேராக உள்ள ஒரு போக்ஸ் கம்பியிலும் ஓர் அடையாளம் வையுங்கள்.

சைக்கிளின் முன்சக்கரத்தைச் சுவரில் முட்ட நிறுத்துங்கள். ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துப் பின்பிரேக்கை இறுக்கட்டும். வலது பெடலை முன்னால் கொண்டு வாருங்கள். தரையில் நின்றபடியே ஒரு காலை அதன் மேல் வைத்து அழுத்துங்கள். முதலில் மெதுவாக. பிறகு பலமாக. சைக்கிள் நகர வழி இல்லை. அதனால் பிடி தளர்ந்த இடம் நழுவும். வழுக்கியதும் குனிந்து பாருங்கள். எந்தக் கோடு பிரிந்திருக்கிறது?

ஒரே முறையில் தெரியாமல் போகலாம். பின்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் புதுக் கோடு போட்டு மறுபடி பாருங்கள். நாலைந்து முறை பார்ப்பது நல்லது. இடது பெடலையும் அழுத்திப் பாருங்கள்.

முதல் கோடு பிரிந்தால்

காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. இதற்கு வேறு அடையாளமும் உண்டு. ஓட்டும்போது ஒவ்வொரு சுற்றிலும் பெடல் ஒரே இடத்துக்கு வரும்போது 'டொக்' என்று இடிக்கும். இரண்டு பெடலையும் முன்னும் பின்னுமாகக் கிடை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இது மூன்றிலும் குறைந்த செலவு. பின்னைக் கழற்றிப் பாருங்கள். அதன் ஒரு பக்கம் தட்டையாகச் செதுக்கியிருக்கும். அந்தத் தட்டை நசுங்கியிருந்தால் புதுப் பின் போட வேண்டும். பழைய பின்னைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். அளவு மாறினால் பிடிக்காது. போடும்போது கிராங்குக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, சுத்தியலால் பின்னைத் தட்டி இறக்க வேண்டும். அதன் பிறகே நட்டை முடுக்க வேண்டும். நட்டைத் திருகியே பின்னை இழுக்கப் பார்த்தால் மரை போய்விடும். இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு முறை தட்டி முடுக்குங்கள். தளர்ந்த பின்னோடு மாதக் கணக்கில் ஓட்டினால் அச்சும் கிராங்கும் தேய்ந்துவிடும். அப்போது செலவு பல மடங்கு.

மூன்றாம் கோடு பிரிந்தால்

இரண்டாம் கோட்டில்தான் சொல்ல வேண்டியது அதிகம். அதனால் மூன்றாவதை முதலில் முடித்துவிடுவோம்.

செயின் பல்லை விட்டு நகரவில்லை. பிரீவீல் சுற்றுகிறது. ஆனால் சக்கரம் சுற்றவில்லை. அப்படியானால் கோளாறு பிரீவீலின் உள்ளே.

பிரீவீலுக்கு உள்ளே சின்ன இரும்பு நாக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய கம்பிச் சுருள் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். முன்னால் மிதித்தால் நாக்குகள் உள்பல்லைக் கவ்வும். சக்கரம் ஓடும். மிதிக்காமல் விட்டால் நாக்குகள் பல்லின் மேல் 'டிக் டிக்' என்று ஏறி இறங்கும். இறக்கத்தில் கேட்கும் சத்தம் அதுதான். வட இந்தியக் கடைகளில் இந்த நாக்குக்கு 'குத்தா' என்று பெயர். இந்தியில் குத்தா என்றால் நாய். கவ்விப் பிடிப்பதால் வந்த பெயர் போலும். 'குத்தா பெயில்' என்று அங்கே சொன்னால் பயந்துவிட வேண்டாம்.

பழைய கெட்டி எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசின் போல ஆகிவிட்டால் நாக்கு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். நீண்ட நாள் சும்மா நின்ற வண்டியில் இது அடிக்கடி நடக்கும். வண்டியைப் பிரீவீல் மேலே வரும்படி படுக்க வையுங்கள். பிரீவீலின் இடுக்கில் சில சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். கறுப்பாக வழியும். துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். சுத்தமாக வழியும் வரை செய்து, ஒரு மணி நேரம் வடிய விடுங்கள். பிறகு தையல் மிஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் நாலு சொட்டு விடுங்கள். கிரீஸ் வேண்டாம். கிரீஸ் வைத்தால் நாக்கு மறுபடி ஒட்டும். மண்ணெண்ணெய் வேலையை அடுப்பு, பீடி, விளக்கு பக்கத்தில் செய்யாதீர்கள்.

இதற்குப் பிறகும் வழுக்கினால் நாக்கு தேய்ந்திருக்கும். அல்லது சுருள் உடைந்திருக்கும். பிரீவீலை மாற்ற வேண்டியதுதான். அதைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும். சுத்தியலும் உளியும் வைத்து அடித்துக் கழற்றக் கூடாது. அது கடை வேலை.

இரண்டாம் கோடு பிரிந்தால்

செயின் பல்லின் மேல் ஏறிக் குதித்திருக்கிறது. பழைய சைக்கிளில் அதிகம் காணும் கோளாறு இது.

முதலில் செயின் தொய்வாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் செயினை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மொத்தம் அரை அங்குலம் அசைந்தால் சரி. ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் தொய்வு. பெடலைச் சுற்றிச் சுற்றி, செயின் அதிகமாக இறுகும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓர் இடத்தில் சரியாகவும் இன்னோர் இடத்தில் விறைப்பாகவும் நிற்கும்.

தொய்வு இருந்தால் பின்சக்கரத்தின் இரண்டு நட்டுகளையும் தளர்த்துங்கள். சக்கரத்தைப் பின்னால் இழுங்கள். டயர் இரண்டு பக்கக் குழாய்களுக்கும் சரி நடுவில் இருக்க வேண்டும். முதலில் வலப்பக்க நட்டு. பிறகு நடு பார்த்து இடப்பக்க நட்டு. நன்றாக முடுக்குங்கள். நட்டு தளர்வாக இருந்தால், அழுத்தி மிதிக்கும்போது செயின் சக்கரத்தின் வலது முனையை முன்னால் இழுத்துவிடும். டயர் இடப்பக்கக் குழாயில் உரசும். செயின் மறுபடி தொய்ந்துவிடும். சக்கரம் இடம் மாறினால் பிரேக் கட்டையும் ரிம்மில் சரியாகப் படாது. அதையும் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

சக்கரத்தைப் பின்னால் இழுத்தும் வழுக்கினால் செயின் தேய்ந்திருக்கிறது. 'செயின் நீண்டுவிட்டது' என்று சொல்வோம். உண்மையில் இரும்பு நீள்வது இல்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஆணியும் அதன் துளையும் மணலும் தூசியும் பட்டுத் தேய்கின்றன. ஒவ்வொன்றிலும் மயிரிழை இடைவெளி விழுகிறது. நூறு கண்ணியில் சேர்ந்தால் அது ஓர் அங்குலம் ஆகிவிடுகிறது.

இதை அளக்க ஓர் அளவுகோல் போதும். இந்தியாவில் சைக்கிளும் உதிரிப் பாகமும் மிக அதிகமாகச் செய்யும் ஊர் பஞ்சாபில் உள்ள லூதியானா. அங்கே செய்த செயினானாலும் வேறு எங்கே செய்ததானாலும் ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணி வரை அரை அங்குலம். எனவே 24 கண்ணிக்கு 12 அங்குலம். அளவுகோலின் அங்குலப் பக்கத்தை எடுங்கள். துணி டேப் வேண்டாம், அது நெகிழும். செயினை விறைப்பாக வைத்து, ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தைப் பொருத்துங்கள். அடுத்த ஆணியை ஒன்று என்று எண்ணத் தொடங்குங்கள். 24-ஆவது ஆணி எங்கே இருக்கிறது?

சரியாக 12-இல் இருந்தால் செயின் நன்றாக இருக்கிறது. 12-ஐ ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் அதற்கு வயதாகிவிட்டது. பணம் சேர்த்து வைத்து, தள்ளிப் போடாமல் செயினை மாற்றுவது நல்லது. எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் செயின் மட்டும் தேயவில்லை. பிரீவீலின் பல்லையும் சேர்த்துத் தேய்த்திருக்கும்.

பிரீவீல் ஏன் முதலில் தேய்கிறது? முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சைக்கிளை எடுத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பிரீவீல் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றுகிறது. வேலை அதிகம். பல்லோ குறைவு. புதுப் பல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சரிந்திருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் குடைந்து கொக்கி போல வளைந்திருக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடைக்காரர் ஏமாற்றுவதாகச் சொல்லவில்லை. செலவைக் குறைக்க நாமே கேட்டு வாங்கும் ஏமாற்றம் இது. "செயினை மட்டும் மாத்துங்கண்ணே, பிரீவீல் அப்புறம் பாக்கலாம்" என்கிறோம். புதுச் செயினின் கண்ணி சரியாக அரை அங்குலம். கொக்கியாகத் தேய்ந்த பல்லில் அது உட்காராது. முன்பைவிட அதிகமாக வழுக்கும். செயின் எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினையும் பிரீவீலையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இன்னொரு வைத்தியமும் உண்டு. தொய்ந்த செயினில் இரண்டு கண்ணி வெட்டி எடுத்துவிடுவார்கள். செயின் இறுகும். பத்து நாள் நன்றாக ஓடும். ஆனால் மீதி உள்ள கண்ணிகள் தேய்ந்தவைதானே? அளவு மாறாது. பல்லையும் தின்னும். கண்ணி வெட்டிய செயினோடு விற்பனைக்கு நிற்கும் பழைய வண்டிகள் உண்டு. வாங்கும் முன் அளவுகோலை எடுத்துப் போய் 24 கண்ணி அளந்து பாருங்கள். விலையைக் குறைத்துக் கேட்க அதைவிட நல்ல காரணம் கிடையாது.

செயின்வீலை மாற்ற வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். அது இரண்டு மூன்று செயினுக்குத் தாங்கும். செயின்வீலின் முன்பக்கத்தில் செயினை விரலால் வெளியே இழுத்துப் பாருங்கள். புதுச் செயின் போட்ட பிறகு இழுத்தும் பாதிப் பல் உயரத்துக்கு மேல் விலகினால் மட்டும் மாற்றலாம். முழு செட்டும் மாற்றச் சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "செயின்வீல் பல்லு எங்கே தேஞ்சிருக்கு, காட்டுங்கண்ணே."

சில நேரம் அளவு சரியாக இருக்கும். பல்லும் நன்றாக இருக்கும். ஆனாலும் எப்போதாவது ஒரு முறை குதிக்கும். பெடலை மெதுவாகப் பின்பக்கம் சுற்றிப் பாருங்கள். ஒரு கண்ணி மட்டும் வளையாமல் விறைத்தபடி பிரீவீலைத் தாண்டும். துரு பிடித்த கண்ணி அது. மண்ணெண்ணெய் விட்டு, பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் இளகிவிடும். செலவு இல்லை.

புதுச் செயின் போடும்போது

சாதாரணச் சைக்கிளுக்கான செயினையே கேளுங்கள். கியர் சைக்கிள் செயின் அகலம் குறைந்தது. பல்லில் இறங்காது. பழைய செயினைத் தொங்கவிட்டு அதே நீளத்துக்குப் புதியதை வெட்டக் கூடாது. பழையது நீண்டு போனது அல்லவா? கண்ணியை எண்ணித்தான் வெட்ட வேண்டும். செயினைச் சேர்க்கும் கண்ணியில் மீன் வடிவத்தில் ஒரு சின்னக் கிளிப் இருக்கும். அதன் மூடிய முனை செயின் போகும் திசையில் இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கிளிப் கழன்றுவிடும்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். பெண் சைக்கிள் ஓட்டுவதா என்று கேலி பேசியவர்கள் அன்று இருந்தார்கள். ஸ்பானர் பிடித்தால் இன்றும் சிலர் சிரிப்பார்கள். செயினை அளக்கும்போது அதைக் காதில் போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தவறிவிடும்.

வேலை முடிந்ததும் என்ன மாற்றினார்கள், என்ன விலை என்று கடையில் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பயிற்சி

முன்னால் 48 பல், பின்னால் 16 பல் உள்ள சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும்?

உங்கள் சைக்கிள் செயினில் 24 கண்ணியை அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து அதன் கீழே எழுதுங்கள்.

ஒருவர் புதுச் செயின் போட்டார். மறுநாள் முதல் அதிகமாக வழுக்கியது. மூன்று கோடு போட்டுப் பார்த்தார். இரண்டாம் கோடு பிரிந்தது. எதை மாற்றாமல் விட்டார்?

இன்னொருவர் சைக்கிள் ஆறு மாதம் திண்ணையில் நின்றது. எடுத்து மிதித்தால் செயின் ஓடுகிறது, சக்கரம் ஓடவில்லை. கடைக்குப் போகும் முன் அவர் வீட்டில் என்ன செய்து பார்க்கலாம்? நான்கு வரி எழுதுங்கள்.